நான்காமவர் யார்?

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகில் இருந்து பேணுபவர் மற்றொருவர். இந்நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிரம்பாது என்பது இதனால் பெறப்படும். முதல் மூன்றையும் பற்றி உலகம் பெரிதும் ஆராய்ந்துள்ளது. நான்காமவரைப் பற்றி எண்ணியவர் சிலரே. பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்போன்றோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவர் அவரே ஆவார்.

சொந்த ஊரில் ஒருவர் தெருவில் மயங்கி விழுந்தால் நாலு பேர் ஓடி வருவர். ஒருவர் வண்டி பிடிப்பார். ஒருவர் வீட்டுக்குச் சொல்லியனுப்புவார். 'இன்னார் மகன்' என்று மருத்துவமனையில் எடுத்துரைக்க ஒருவர் இருப்பார். அயலூரில் விழுந்தவரின் நிலை வேறு. அங்கே சிகிச்சைக்கு முன்னர் வினாக்கள் வந்து நிற்கின்றன. இவர் யார்? எந்த ஊர்? உடன் வந்தவர் எங்கே? பணம் கட்டுபவர் யார்? ஓர் உயிர் ஊசலாடும்போது, அதனைக் காக்கும் கடமை அவ்வுயிர் நமக்கு உறவா, அயலா என்பதைப் பொறுத்து மாறுமா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் வினா.

கொல்லத்தில் ஓர் இரவு

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் நிகழ்ந்த சாலை விபத்தொன்றில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கச் சென்றிருந்த தொழிலாளி ஒருவர் தலையில் கடுங்காயமுற்றார். ஆம்புலன்சில் ஏற்றப்பட்ட அவர் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு என ஏறத்தாழ ஏழு மணி நேரம் அலைக்கழிக்கப்பட்டார். ஓரிடத்தில் வென்டிலேட்டர் இல்லை என்றனர். ஓரிடத்தில் உடனிருக்க ஆள் இல்லை என்றனர். பொழுது விடிந்தபோது அவர் உயிர் பிரிந்திருந்தது. கேரள முதலமைச்சர் சட்டமன்றத்தில் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார். குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் உதவியும் அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு ஒரு மாநிலத்தாரை ஒட்டுமொத்தமாகப் பழிப்பது அறமாகாது. அவரை விடாது சுமந்துகொண்டு இரவு முழுதும் கதவு கதவாகத் தட்டிய ஆம்புலன்ஸ் ஊழியர்களும் அம்மண்ணில் பணி புரிந்தவர்களே. அவர் தமிழர் என்பதனால் எவரும் வெளிப்படையாகக் கதவடைத்ததாகவும் செய்தியில்லை. எனினும், 'உடனிருக்க ஆள் இல்லை' என்னும் அந்த ஒரு சொல்லை ஊன்றி நோக்க வேண்டும். தன் ஊரை விட்டு வந்த தொழிலாளிக்கு உடனிருக்க ஆள் எங்ஙனம் வாய்ப்பார்? எல்லார்க்கும் பொதுவாகத் தோன்றும் ஒரு விதி, நடைமுறையில் புலம்பெயர்ந்தவனையே தேடிப் பிடித்து வெளியேற்றுகிறது. ஒருவர் மனத்திலும் பகையின்றியே பாரபட்சம் நிகழக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முன்முடிவு என்னும் நோய்

பாரபட்சத்திற்கு வேறொரு முகமும் உண்டு. அழுக்கேறிய உடையுடன் சாலையோரம் கிடப்பவனைக் கண்டால், 'குடித்துவிட்டுக் கிடக்கிறான்' என்று மனம் உடனே தீர்ப்பெழுதிவிடுகிறது. தலைக்காயமும், இரத்தத்தில் சர்க்கரை குறைவதும், பக்கவாதமும் நாக்குழறச் செய்யும். நடை தள்ளாடச் செய்யும். மருத்துவர்க்கு இவை தெரியாதன அல்ல. ஆயினும் முன்முடிவு கல்வியை முந்திக்கொள்கிறது.

2008ஆம் ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக் கூடத்திலேயே ஒருவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி 34 மணி நேரம் கவனிப்பாரின்றி இருந்து இறந்தார். எளிதில் குணப்படுத்தத்தக்க சிறுநீர்ப்பை நோய்த்தொற்றே அவரைக் கொன்றது. குடிமயக்கத்தில் உறங்குகிறார் என்றும், ஒதுங்க வீடற்றவர் என்றும் பார்த்தவர்கள் கருதிவிட்டனர் என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. அவர் எங்கிருந்தும் வந்து குடியேறியவரல்லர். அம்மண்ணின் ஆதிகுடியைச் சேர்ந்தவர். அயன்மை என்பது பிறந்த ஊரில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

மொழியும் இங்கே ஒரு மதிலாகிறது. பிள்ளைகளுடன் வாழ வடபுலம் வந்த மூதாட்டி ஒருவர், 'நெஞ்சைக் கரிக்கிறது' என்கிறார்; 'படபடவென்று வருகிறது' என்கிறார். முன்னது செரிமானக் கோளாறாக இருக்கலாம். பின்னது இதயக் கோளாறாக இருக்கலாம். மகன் அலுவலகத்திலிருந்து வந்து மொழிபெயர்க்கும் வரை நோய் காத்திராது. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தினை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தினால்தான் பெரும்பாலும் பயன் உண்டு.

உள்ளூரார்க்கு முதலிடமா?

'எங்கள் வரிப்பணத்தில் எழுந்த மருத்துவமனையில் எங்களுக்கே முதலிடம்' என்பது எங்கும் ஒலிக்கும் வாதம். 2020ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், கொரோனாக் காலத்தில், தில்லி அரசு தன் மருத்துவமனைகளையும் தனியார் மருத்துவமனைகளையும் தில்லிவாசிகளுக்கே ஒதுக்குவதாக அறிவித்தது. மறுநாளே துணைநிலை ஆளுநர் அதனை மாற்றினார். படுக்கைகள் போதாமற்போகுமோ என்னும் அச்சத்தில் பிறந்த அறிவிப்பு அது. அவ்வச்சம் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. ஆயினும், அந்நகரின் கட்டடங்களை எழுப்பியவர்களும், அடுக்களைகளில் உழைத்தவர்களும், அலுவலகங்களை நடத்தியவர்களும் பல மாநிலத்தார் அல்லரோ? வரியும் வியர்வையும் தரும்போது வினவப்படாத ஊர், நோயுறும்போது மட்டும் வினவப்படுதல் நீதியாகுமா?

நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு யார் முன், யார் பின் என்று ஓர் அரசு வரிசை வகுக்கலாம். அது பற்றி வாதிடவும் இடமுண்டு. அவசரச் சிகிச்சையில் அதற்கு இடமில்லை. அங்கே காயத்தின் கடுமையே வரிசையை வகுக்கும். நெப்போலியனின் படை மருத்துவரான லாரே, பதவியையும் நாட்டையும் நோக்காது காயத்தின் கடுமையை நோக்கிச் சிகிச்சை செய்யும் முறையைப் போர்க்களத்தில் வகுத்தார். 1859இல் சோல்பெரினோ போர்க்களத்தருகே இருதரப்பு வீரர்க்கும் ஊர்ப்பெண்கள் ஒன்றுபோல் தொண்டு செய்ததைக் கண்ட ஆன்றி துனாந்தின் உள்ளத்தில் செஞ்சிலுவை இயக்கம் கருக்கொண்டது. பகைவனுக்கே கிடைத்த பரிவு சொந்த நாட்டுக் குடிமகனுக்கு மறுக்கப்படலாமோ?

சட்டம் சொல்வது

நம் நாட்டின் சட்டம் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. உயிரைக் காப்பதே எல்லா மருத்துவரின் முதற்கடமை, காவல்துறை நடைமுறைகள் அதற்குத் தடையாகா என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. 1992இல் ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஒருவரை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் பலவும் திருப்பியனுப்பிய வழக்கில், பணமின்மையை அரசு சாக்காகச் சொல்ல இயலாது என்று 1996இல் தீர்ப்பளித்தது. எங்கே படுக்கை உளது என்று முன்னரே அறியும் தகவல் தொடர்பு அமைப்பு வேண்டும் என்றும் அத்தீர்ப்பு பணித்தது. கொல்லத்து இரவு அதன்பின் 21 ஆண்டுகள் கழித்து வந்தது என்பதே வேதனை.

நல்ல மாற்றங்களும் வந்துள்ளன. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விபத்துற்றவர்க்கு நன்னோக்குடன் உதவுவோரை வழக்குத் தொல்லையிலிருந்து காக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துற்றவர் எம்மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்க வகை செய்தது. 2025 மே மாதம் மைய அரசு அறிவித்த திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோர்க்கு ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சையை முன்பணமின்றி அளிக்க வழி செய்தது.

நாம் செய்யத்தக்கன

சட்டம் கதவைத் திறக்கலாம். கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல ஒரு மனிதர் வேண்டும். வள்ளுவர் அந்த நான்காமவரை உழைச்செல்வான் என்கிறார். உழை என்பது பக்கம் எனப் பொருள்படும். உறவினன் என்றோ, ஊரினன் என்றோ அவர் கூறவில்லை. அருகில் இருப்பவன் என்றே குறித்தார். நாம் எழுப்பிய வினாவிற்கு விடையும் அச்சொல்லிலேயே அமைந்துள்ளது. கடமை உறவினால் பிறப்பதன்று. அருகில் இருப்பதனாலும் உதவ இயல்வதனாலும் பிறப்பது.

ஆதலின், தமிழ்ச் சங்கங்கள் முத்தமிழ் விழாக்களோடு இப்பணியையும் மேற்கொள்ளுதல் தகும். அந்தந்தப் பகுதி மருத்துவமனைக்கு அருகில் வாழும் உறுப்பினர்களின் பட்டியலும், குருதிக்கொடையாளர் பட்டியலும் சங்கத்தில் இருக்கட்டும். பெற்றோர் சட்டைப்பையில் பெயர், உண்ணும் மருந்து, ஒவ்வாமை, தொலைபேசி எண் ஆகியவற்றை உள்ளூர் மொழியில் எழுதிய சீட்டு இருக்கட்டும். 112 என்னும் அவசர எண்ணை வீட்டுச் சிறுவர்க்கும் கற்பிப்போம்.

இப்பணி தமிழர்க்கு மட்டும் என்று குறுகிவிடலாகாது. 1960களில் பம்பாயில் தென்னாட்டார்க்கு எதிராக எழுந்த குரலை நம் முன்னோர் கேட்டனர். இன்று திருப்பூரின் ஆலைகளிலும் சென்னையின் கட்டடப் பணிகளிலும் பீகாரிகளும் ஒடியர்களும் உழைக்கின்றனர். அங்கே அவர்கள் விழுந்தால் நம் சுற்றத்தார் அருகிருக்க வேண்டும் என்று ஊர் செல்லும்போதெல்லாம் எடுத்துரைப்போம். இங்கே நம் தெருவில் விழுபவர் எம்மொழி பேசினும் நாமே அவர் பக்கத்தில் சென்று நிற்போம்.