எடுத்துச் சென்றது யாது?

(டிசம்பர் 6ஆம் நாள் நினைவுக் கூட்டத்திற்குரிய தம்ம உபதேசம்)





தோன்றியன யாவும் மறையும் என்பது நாம் விஹாரத்தில் ஓயாது கேட்டுவரும் உபதேசம். பிக்குவின் வாயிலாகக் கேட்கும்பொழுது எளிதாகவே தோன்றுகின்றது. நமக்கு அருமையானவர் ஒருவருடைய உடல் மலர்களுக்கிடையே அசைவற்றுக் கிடப்பதைக் காணும்பொழுதோ, அவ்வெளிய உண்மை நெஞ்சைப் பிளந்துவிடுகின்றது. அறிந்தவர்க்கும் அவ்வாறே, அறியாதவர்க்கும் அவ்வாறே.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி நாகபுரியில், பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் வணக்கத்திற்குரிய சந்திரமணி மகாஸ்தவிரரிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். பிறகு, திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே தீட்சையளித்து, இருபத்திரண்டு உறுதிமொழிகளையும் கூறுவித்தார். இந்து மதத்தில் பிறந்தது தம் செயலன்று, அதில் இறவாதிருப்பது தம் கையில் உள்ளது என்று 1935இல் இயோலாவில் அறிவித்த அவர், 21 ஆண்டுகள் ஆராய்ந்து தெளிந்த பின்னரே அவ்வடியை எடுத்து வைத்தார். நவம்பரில் காட்மாண்டு நகரில் நடைபெற்ற உலக பௌத்த மாநாட்டிற் கலந்துகொண்டு உரையாற்றினார். டிசம்பர் 5ஆம் தேதி இரவு, டில்லியில் தம் இல்லத்தில், 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலின் முகவுரையைப் பார்வையிட எடுத்து வைத்துக்கொண்டு படுக்கைக்குச் சென்றார். மறுநாட் காலை அவர் எழவில்லை. தீட்சை பெற்ற நாளினின்று எண்ணினால் 53 நாட்களே ஆகியிருந்தன.

அன்றிரவு அவருடைய உடல் விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டுத் தாதரில் உள்ள இராஜகிருகம் என்னும் அவரது இல்லத்தில் வைக்கப்பட்டது. டிசம்பர் 7ஆம் தேதி பிற்பகல் இறுதி ஊர்வலம் புறப்பட்டது. வீதிகளிலும், மாடிகளிலும், கூரைகளின் மேலும் மக்கள் நிறைந்து நின்றனர். ஆலையில் உழைப்போர், துறைமுகத்தில் மூட்டை சுமப்போர், வீதி பெருக்குவோர், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மார் ஆகியோரின் கண்ணீரினூடே அவ்வூர்வலம் மெல்ல மெல்லச் சென்று, மாலையிலே தாதர் கடற்கரையை அடைந்தது. பௌத்த முறைப்படி பிக்குகள் முன்னிலையில் தகனம் நடைபெற்றது; அவருடைய மைந்தர் யஷ்வந்த்ராவ் அவர்கள் சிதைக்குத் தீ மூட்டினார்.

அன்பர்களே! அந்நாளில் நிகழ்ந்த வேறொன்று, மற்றெல்லாவற்றினும் மேலாக நம் உள்ளத்தில் நிற்க வேண்டியது. பாபாசாகேப் அவர்கள் அதே டிசம்பர் மாதம் பம்பாயிலும் பெரியதொரு தீட்சை விழா நடத்த எண்ணியிருந்தார். நடத்துவோர் மறைந்தார். ஆயினும் அழுது நின்ற கூட்டம் அக்கடற்கரையிலேயே தீட்சையை வேண்டிப் பெற்றது. வணக்கத்திற்குரிய ஆனந்த கௌசல்யாயனர் சரணமும் சீலமும் ஓத, ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவற்றைப் பின்தொடர்ந்து ஓதிப் பௌத்தரானார்கள் என்று வரலாறு எழுதியோர் குறித்திருக்கின்றனர். அவர்கள் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் திரிசரணத்தை உச்சரித்தது. துக்கத்தைத் துக்கமாகவே விட்டுவிடாமல், அதனைத் தம்மத்தின்பால் திருப்பிய அச்செயலே அம்மாபெரியாருக்குச் செய்யப்பட்ட உண்மையான அஞ்சலி.

துக்கப்படுதல் பௌத்தருக்குத் தகாதோ என்று சிலர் வினவுகின்றனர். பகவானுடைய வாழ்வே இதற்கு விடை கூறும். குசிநாராவில், மல்லர்களுடைய சால வனத்தில், பகவான் தமது எண்பதாவது வயதில் இறுதியாகச் சயனித்திருந்த வேளையில், இருபத்தைந்து ஆண்டுகள் நிழல்போல் உடனிருந்து தொண்டாற்றிய ஆனந்த தேரர் தனியே சென்று, கதவின் நிலையைப் பற்றிக்கொண்டு விம்மியழுதார். தாம் இன்னும் கற்கவேண்டியவராய் இருக்க, தம்மிடம் இரக்கம் கொண்ட ஆசான் நீங்கப்போகின்றாரே என்பது அவர் துயரம். பகவான் அவரைக் கடிந்துரைத்தாரா? இல்லை. தம் அருகே அழைப்பித்தார். அன்புக்குரிய யாவற்றினின்றும் பிரிவு உண்டு என்று முன்னமே கூறியிருந்ததை நினைவூட்டினார். ஆனந்தர் நெடுங்காலம் அன்போடு செய்த தொண்டினைப் புகழ்ந்து, முயற்சியில் ஊன்றுக, விரைவில் விடுதலை எய்துவாய் என்னும் கருத்துப்பட ஊக்கமளித்தார். கண்ணீர் குற்றமன்று. கண்ணீரோடு நின்றுவிடுதலே குறை.

மற்றொரு நிகழ்ச்சியையும் சிந்தியுங்கள். தரும சேனாபதி எனப் போற்றப்பட்ட சாரிபுத்த தேரர் மகத நாட்டிலே நாலக கிராமத்தில் பரிநிர்வாணம் அடைந்தார். அவருக்குப் பணிவிடை செய்த சுந்தன் என்னும் சாமணேரர், அவருடைய திருவோட்டையும் சீவரத்தையும் எடுத்துக்கொண்டு சாவத்தியில் ஜேதவனத்திற்கு வந்தார். அதனைக் கேட்ட ஆனந்தர் திசை தெரியாதவர்போல் மயங்கிப் பகவானிடம் சென்று முறையிட்டார். பகவான் அவரை ஒரு கேள்வி கேட்டார். சாரிபுத்தர் போகும்பொழுது சீலத்தை எடுத்துச் சென்றாரா? சமாதியை எடுத்துச் சென்றாரா? பிரக்ஞையை எடுத்துச் சென்றாரா? விடுதலையையும் அவ்விடுதலை பற்றிய ஞானத்தையும் எடுத்துச் சென்றாரா? இல்லை என்றே ஆனந்தர் விடையளித்தார். பெருமரம் ஒன்றின் பெருங்கிளை முறிந்து விழுந்ததைப் போன்றது சாரிபுத்தருடைய மறைவு என்று பகவான் உவமை கூறினார். இழப்பு சிறியது என்று அவர் சொல்லவில்லை. கிளை முறிந்தது, மரம் நிற்கின்றது, ஆதலின் உங்களுக்கு நீங்களே தீவாகவும், தம்மமே தீவாகவும் வாழுங்கள் என்பதே அவர் போதனையின் சாரம்.

இக்கேள்வியையே நாமும் இந்நாளில் நம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாபாசாகேப் எதை எடுத்துச் சென்றார்? தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துச் சென்றாரா? அது நாட்டின் சட்டமாக நிற்கின்றது. தாம் எழுதிய நூலை எடுத்துச் சென்றாரா? அஃது 1957இல் வெளிவந்து இன்று பற்பல மொழிகளில் வாசிக்கப்படுகின்றது. இருபத்திரண்டு உறுதிமொழிகளை எடுத்துச் சென்றாரா? அவை நம் வாயில் உள்ளன. அவை நம் வாழ்வில் இல்லையாயின், அவற்றை எடுத்துச் சென்றவர் அவரல்லர், இழந்துவிட்டவர் நாமே.

இவ்விஷயத்தில் தமிழ்ப் பௌத்தராகிய நமக்குத் தனியே ஒரு படிப்பினை உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1914ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி மறைந்தார். அவர் ஏற்றிய விளக்கு உடனே அவிந்ததா? கோலார் தங்கவயலில் சுரங்கத்தின் ஆழத்தில் உழைத்த நம் முன்னோர், அரும்பாடுபட்டு ஈட்டிய காசில் சங்கம் வளர்த்தனர்; அப்பத்திரிகையையும் மீண்டும் நடத்தினர். பேராசிரியர் இலட்சுமி நரசு அவர்கள் 1907இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கில நூலாக வெளியிட்டார், 1934இல் மறைந்தார். அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து, 1948இல், அந்நூல் மூன்றாம் பதிப்பாக வெளிவந்தபொழுது அதற்கு முன்னுரை வழங்கியவர் யார்? பாபாசாகேப் அம்பேத்கரே. ஆசிரியர் மறைந்தார், தம்மம் கைமாறிச் சென்றது.

ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பெரியோர் மறைந்தபின் பல ஊர்களில் சங்கங்கள் தளர்ந்தன. சில இடங்களில் கட்டடம் நின்றது, கூட்டம் நின்றுபோயிற்று. தாத்தா பௌத்தராகவும், பேரன் அதனை அறியாதவனாகவும் உள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மரணம் நமக்குச் செய்த கேட்டினும், நம் மறதி செய்த கேடு பெரிது.

இவ்வாபத்து புதியதன்று. பகவானுடைய திருமேனியை மல்லர்கள் ஆறு நாட்கள் மலராலும் நறுமணத்தாலும் இசையாலும் போற்றி, ஏழாம் நாள் மகுடபந்தன சைத்தியத்திற்கு எடுத்துச் சென்றனர். அவ்வேளையில் மகாகாசியபர் பிக்குகள் குழாத்துடன் வழியில் வந்துகொண்டிருந்தார். செய்தி கேட்டுப் பலர் அழுதனர். முதுமையில் துறவு பூண்ட சுபத்தன் என்னும் ஒருவனோ, இனி நம்மைக் கட்டுப்படுத்துவார் இல்லை, விரும்பியதைச் செய்யலாம் என்று மகிழ்ந்து கூறினான். மகாகாசியபர் அச்சொல்லின் அபாயத்தை உணர்ந்தார். சிதைக்கு வணக்கம் செய்ததோடு அவர் அமையவில்லை. அவ்வாண்டு மழைக்காலத்திலேயே இராஜகிருகத்தில் ஐந்நூறு தேரர்களைக் கூட்டித் தம்மத்தையும் விநயத்தையும் ஒருமித்து ஓதச் செய்தார். அந்த முதற் சங்கீதி நடந்திராவிடில், இன்று நாம் ஓதுவதற்கு ஒரு சூத்திரமேனும் எஞ்சியிருக்குமோ?

பாபாசாகேப் தம் இல்லத்திற்கு இட்ட பெயரும் இராஜகிருகமே என்பதை மறவாதீர்கள். இறுதி ஊர்வலம் புறப்பட்ட வாயிலின் பெயரே, அதன்பின் செய்யவேண்டிய கடமை யாது என்பதை நமக்கு நினைவூட்டுகின்றது. அழுதபின் கூடுக, கூடியபின் ஓதுக, ஓதியபின் ஒழுகுக.

ஆகவே, ஆண்டுதோறும் இந்நாளை நாம் எங்ஙனம் கழித்தல் வேண்டும்? அவர் படத்திற்கு மாலையிடுகின்றோம். அது நன்றியின் அடையாளம், தக்கதே. ஆனால் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்து வரம் கேட்பது, அவர் எதனின்று நம்மை மீட்டாரோ அதற்குள்ளேயே அவரைக் கொண்டுபோய் வைப்பதாகும். பகவானைத் திருமாலின் அவதாரம் எனக் கொள்ளேன் என்று உறுதிகூறிய நாம், பாபாசாகேப்பை மட்டும் அவதாரமாக்குதல் தகுமோ? சால மரங்கள் பருவமின்றிப் பூத்து மலர் சொரிந்தபொழுதும், அதனை மேலான பூசையாகப் பகவான் கொள்ளவில்லை. தம்ம வழியில் ஒழுகுவோரே தம்மை மேலாகப் பூசிப்பவர் என்று தெளிவுறுத்தினார்.

நம் வீடுகளில் நிகழும் மரணத்திலும் இவ்வழியையே கைக்கொள்வோம். தாயோ தந்தையோ மறைந்தால், அக்கம்பக்கத்தார், திதி உண்டா, பிண்டம் வைக்கவில்லையா, ஆவி சாந்தியடையுமா என்று கேட்பர். உறவினரின் முணுமுணுப்புக்கு அஞ்சிப் பழைய சடங்கிற்குத் திரும்பியவர்கள் உண்டு. உறுதியுடன், ஆனால் பணிவாக, விடை கூறுங்கள். சிராத்தமும் பிண்டதானமும் செய்யோம் என்பது நாம் ஏற்ற உறுதிமொழி. அதற்கு ஈடாக நம்மிடம் ஒன்றும் இல்லையென்பது தவறு. திரிசரணம் ஓதுகின்றோம், பஞ்சசீலம் ஏற்கின்றோம், பசித்தோர்க்கு உணவும், படிக்கும் பிள்ளைகளுக்குப் புத்தகமும் தானமாக அளித்து, அப்புண்ணியத்தை மறைந்தவரின் நினைவோடு பகிர்ந்துகொள்கின்றோம். கடன் வாங்கிச் செய்யும் கருமாதிச் செலவு அக்குடும்பத்தை மறுபடியும் ஒருமுறை வீழ்த்தும். கல்விக்கு அளிக்கும் தானமோ மறைந்தவர் பெயரால் ஓர் உயிரை உயர்த்தும்.

சங்கத்திலும் நமக்குக் கடமை உண்டு. ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டித் தம்மம் கற்பியுங்கள். இவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் முதல் ஒவ்வொரு குடும்பமும் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை நாளொன்றுக்கு ஒரு பக்கமேனும் உரக்க வாசிக்கட்டும். எழுத்தறியாத முதியோர் கேட்கட்டும். மதுவை விலக்குவதும் நம் உறுதிமொழியே. நினைவுநாள் ஊர்வலத்தில் குடித்துவிட்டு ஜே கோஷமிடுவோன், தானறியாமலே அந்த முதிய சுபத்தனின் சொல்லையே சொல்கின்றான்.

தாதர் கடற்கரையில் அவரைத் தகனம் செய்த இடத்தில் இன்று ஸ்தூபம் ஒன்று எழுந்து, சைத்திய பூமி என்று போற்றப்படுகின்றது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அங்குக் கூடுகின்றனர். அவர்களில் பலர் திரும்பும்பொழுது கையில் நூல்களை வாங்கிச் செல்கின்றனர். அங்குச் செல்ல இயலாத ஏழை உபாசகரும் வருந்த வேண்டுவதில்லை. அன்று அக்கடற்கரையில் ஓதப்பெற்ற சரணமும் சீலமும் நம் குடிசையிலும் ஓதக்கூடியனவே.

பெருங்கிளை முறிந்தது, மரம் நிற்கின்றது. அதற்கு நீரூற்றுவோமாக.

சகல ஜீவர்களும் துக்கம் நீங்கிச் சுகம் பெறுவார்களாக!

சாது! சாது! சாது!