'ங்கள்' போன இடம்

திருத்தணி மலைப்படிகளின் அடிவாரத்தில் சென்ற ஆண்டு ஒரு காட்சி கண்டேன். வெளிநாட்டுப் பயணி ஒருவர், அறுபது வயதைக் கடந்தவர், மூச்சு வாங்க நின்றிருந்தார். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் சற்று நகர்ந்து இடமளித்து, "சிட், சார்! டிரிங்க் வாட்டர்!" என்று தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். பயணியின் முகம் ஒரு கணம் சுருங்கிற்று.

அவர் செவியில் விழுந்தது கட்டளை. பிள்ளை சொன்னதோ உபசாரம். "உட்காருங்கள் ஐயா, தண்ணீர் குடியுங்கள்" என்பதைத்தான் அவன் ஆங்கிலமாக்கினான். தமிழில் பணிவு வினைச்சொல்லின் இறுதியில் குடியிருக்கிறது. 'ங்கள்' என்னும் அந்த மூன்றெழுத்துக்கு ஆங்கிலத்தில் இடமில்லை. ஆங்கிலேயரோ, பணிவு காட்ட வேண்டுமானால் ஏவலைக் கேள்வியாக மாற்றிக்கொள்வார்கள். அதை அறியாத பிள்ளை, இழந்ததையெல்லாம் 'சார்' என்ற ஒரு சொல்லால் ஈடுகட்டப் பார்க்கிறான். இதை மரியாதைக் குறைவு என்பது அநியாயம்.

ஆக்ஸ்போர்டில் 1936 முதல் 1952 வரை பேராசிரியராக இருந்த ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊர் இது. 1960இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இதன் கடைத்தெருவில் 'நீங்கள்' உண்டு, 'மீரு' உண்டு, 'ஆப்' உண்டு. மூன்றுக்கும் கீழே 'நீ', 'நுவ்வு', 'தும்' என்று படிகளும் உண்டு. ஆங்கிலத்திலும் 'தௌ' என்றொரு கீழ்ப்படி முன்பு இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் நீதிபதியையும் அச்சொல்லாலேயே அழைத்துப் பெரியோரின் சினத்துக்கு ஆளாயினர். இன்று பொதுவழக்கில் எஞ்சியிருப்பது 'யூ' ஒன்றே.

காட்சி அதோடு முடியவில்லை. அதே மாணவன் பூக்கார மூதாட்டியிடம் திரும்பி, "மொழம் எவ்வளவு சொல்றே?" என்றான். "முப்பது ரூபா தம்பி, வாங்கிக்கங்க" என்றாள் அவள். ஆங்கிலத்தில் தொலைந்துபோன 'ங்கள்' அவள் நாவில் இருந்தது!

பயணிக்குக் காட்டியது மரியாதையா, அந்தஸ்துக்குச் செலுத்திய வரியா? 'ப்ளீஸ்' சொல்ல ஒரு மாதத்தில் கற்பித்துவிடலாம். ஆனால் நம் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவது பெரும்பாலும் ஆசிரியரிடமும் அதிகாரியிடமுந்தான். பூக்காரியை 'யூ' என்றழைக்கும் தருணம் அவர்களுக்கு வாய்ப்பதேயில்லை.

நாம் சொல்லும் ஸலாத்தில் 'அலைக்கும்' என்பதன் இறுதியிலுள்ள 'கும்' முன்னிலைப் பன்மை. முன்னே நிற்பவர் ஒருவரே ஆனாலும், சிறுவனே ஆனாலும் அதுவே வழக்கு. இதை அந்தப் பிள்ளைக்கு எடுத்துச்சொல்ல வாயெடுத்தேன். அன்று காலை பேருந்து நிலையத்தில் தேநீர் கொண்டுவந்த பையனை நான் 'டேய்' என்றழைத்தது நினைவுக்கு வந்தது. பேசாமல் நடந்தேன்.