இறுதிநோயாளரைப் பேணுவார்க்கு ஊண்

கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களினின்று தொழிலாளர் பலர் பொழுது புலருமுன்னரே ஜீப்புகளில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்னும் மலைவழிகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களிற் புகுந்து உழைத்து மாலையில் மீள்கின்றனர். அவருட் பெண்டிர் மிகப் பலர். நாட்கூலியாவது சென்ற நாளுக்கு உண்டு. செல்லாத நாளுக்கு இல்லை. அத்தகையாள் ஒருத்தியின் தாய் புற்றுநோயால் இறுதிநிலை எய்திக் கிடக்கின்றாள் என்று கொள்க. இனி நோவு தணித்துப் பேணுதலே செய்யத்தக்கது என மருத்துவர் அவளை இல்லத்திற்கு விடுத்தனர். மகள் உடனிருப்பின் அடுப்பு எரியாது. மலையேறின் தாய்க்கு நீர் வார்ப்பார் இலர். மக்களை ஊட்டலும் அறம். ஈன்றாளைப் பேணலும் அறம். இவ்விரண்டும் முரணுமிடத்து அவள் செய்யத்தக்கது யாது?

இவ்வினாவிற்கு விடை அவளொருத்தியிடம் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டமும், 1951ஆம் ஆண்டின் தோட்டத்தொழிலாளர் சட்டமும், தொழிலாளி தாமே நோயுற்ற காலத்தும் மகப்பேற்றுக் காலத்தும் உதவி வகுத்தன. இறப்பாரை அருகிருந்து பேணும் காலத்துக்கு அவை ஊதியம் வகுத்தில. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நோவு தணிக்கும் பணியை இல்லத்திற்கே கொணர்ந்தது பெரிதும் போற்றத்தக்கது. ஆயினும் உடனிருப்பார் இழக்கும் கூலியை ஈடுசெய்தல் அதன் கருத்தன்று. மலைக்கு அப்பால் கேரள அரசு ‘ஆசுவாசகிரணம்’ என்னும் திட்டத்தால், படுக்கையிற் கிடப்பாரைப் பேணுவார்க்கு மாதம் 600 ரூபாய் வகுத்தது. கனடா நாடோ 2004ஆம் ஆண்டில் ஆறு வாரத்திற்கு உதவித்தொகை ஏற்படுத்தி, 2016ஆம் ஆண்டில் அதனை 26 வாரமாக நீட்டிற்று. ஆதலின் இஃது இயலாதது என்பார் கூற்று நிரம்பாது.

இனி, நோய் அவரவர் வினைப்பயன், நுகர்ந்தே கழிக்கற்பாலது, அதற்குப் பிறர் பொருள் கொடுப்பது எற்றுக்கு என்பாருமுளர். வினைப்பயன் நுகர்தல் நோயுற்றார்க்கு உரியது. அவரைக் கண்டும் காணார்போற் செல்லுதல் காண்பார்க்கு ஆகாமியமாய் ஏறுவது. பிறர் பழவினையைக் காட்டித் தம் புதுவினையை மறைத்தல் நூற்றுணிபு ஆகாது. சூலைநோயால் வருந்திய மருணீக்கியார் திருவதிகைக்கு மீண்டபொழுது, திலகவதியார் வினையென்று வாளா இருந்தாரல்லர். அருகழைத்துத் திருநீறு அளித்தார்.

அன்பினாற் செய்வதற்குப் பொருள் பெறின் அன்பு கூலியாய் இழிந்துவிடும் என்பது மற்றொரு தடை. இது சிறிது ஆராயத்தக்கது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க முதலாம் இராசராசர் 48 பேரை அமைத்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் மூன்று குறுணி நெல் வகுத்தமை அங்குள்ள கல்வெட்டாற் பெறப்படும். அந்நெல் பாட்டின் விலையோ? அன்று. பாடுவார் வயிற்றின் பொருட்டு வேறிடம் செல்லாது சந்நிதியில் நிற்றற்கு அமைந்த துணை அது. அன்பு முன்னரே உண்டு. நெல் அதற்கு இடஞ்செய்தது. அங்ஙனமே, மகளுக்கு அளிக்கும் பொருள் அவள் அன்பை விலைகொள்வதன்று; அவளைத் தாயின் பக்கத்து இருத்துவது.

பொய் சொல்லிப் பெறுவாரும் உளராவரேயெனின், அவரை மருத்துவர் சான்றால் விலக்குக. சிலர் பொய்க்காகப் பலர் மெய்யைத் தள்ளற்க.

தாய் தனித்து இறந்தாளாக, மலையேறிய மகளைப் பழிப்பார் உலகிற் பலர். அவள் பறித்த ஏலம் பல இல்லங்களின் உணவிலும், கோயில்களின் சர்க்கரைப் பொங்கலிலும் மணக்கின்றது. அம்மணத்தை நுகர்ந்தார் அனைவரும் அப்பழியிலும் பங்குடையார் என்பதை உணர்வாராக.