தாமரை இதழுக்குள் துத்தநாகம்

சேற்றில் வளர்ந்தும் சேறு ஒட்டாத மலர் என்பதால் இந்தியச் சமயங்கள் பலவும் தாமரையைத் தூய்மையின் குறியாகக் கொண்டன. 1986-இல் டெல்லியில் திறக்கப்பட்ட பஹாய் வழிபாட்டு இல்லத்துக்குக் கட்டடக் கலைஞர் ஃபரிபோர்ஸ் சஹ்பா தேர்ந்துகொண்ட வடிவமும் அதுவே. ஒன்பது பக்க அமைப்பில் 27 இதழ்கள் எழுந்தன. எனினும், தூய்மை என்பது ஒரு பொருளுக்குள் இயல்பாகவே உறைவதா, அல்லது வேறொன்றின் தேய்வால் காக்கப்படுவதா என்ற கேள்விக்கு மலரைவிட அந்த இதழ்களுக்குள் மறைந்திருக்கும் கம்பியே தெளிவாக விடை சொல்கிறது.

இதழ்கள் வெண் கான்கிரீட்டால் வார்க்கப்பட்டவை. உள்ளிருக்கும் இரும்பு துருவேறினால் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். துருவின் பழுப்பு கசிந்து வெண்பரப்பையும் கறைப்படுத்தும். ஆகவே கம்பிகள் யாவும், அவற்றை முடிந்த கட்டுக்கம்பிகள் உட்பட, உருகிய துத்தநாகத்தில் முலாமிடப்பட்டன.

இந்த உலோகமும் கான்கிரீட்டும் ஒத்துப்போகும் என்று பொறியாளர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த ஒப்பு சண்டையில்தான் தொடங்குகிறது. துத்தநாகம் அமிலத்தோடு மட்டுமன்றிக் காரத்தோடும் வினைபுரியும். புதிதாகக் குழைத்த கான்கிரீட்டோ பி.எச். அளவு 12.5-ஐத் தாண்டும் கடுங்காரம். கலவை ஊற்றப்பட்டதும் முலாமின் மேல்தோல் கரைய, ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்புகின்றன. காரம் ஏறத்தாழ 13.3-ஐ மிஞ்சாதவரை, கரைந்த துத்தநாகம் சிமெண்டிலுள்ள கால்சியத்தோடு கூடி, கால்சியம் ஹைட்ராக்சிஜிங்கேட் எனும் படிகங்களாகக் கம்பியின்மேல் படர்கிறது. அவை நெருங்கி மூடியதும் அரிப்பு அடங்குகிறது. காப்பது தீண்டப்படாத பரப்பு அன்று, தீண்டப்பட்டு ஆறிய பரப்பு.

ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றின் கரியமில வாயு உட்புகுந்து காரத்தைக் குறைக்கும்போது, வெறும் இரும்பு தன் காப்பை இழக்கும் நிலையிலும் துத்தநாகம் தாங்கி நிற்கிறது; முலாம் கீறிய இடத்தில் இரும்புக்கு முன்னதாகத் தான் அரிபடுகிறது. இதைத் தியாகம் என்று சொல்ல நா எழும். ஆனால் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை விடுவது துத்தநாகத்தின் இயற்கை, அதில் விருப்பத்துக்கு இடமில்லை. அதனாலேயே அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற வேறுபாடும் தெரிவதில்லை: முலாமில்லாத கட்டுக்கம்பி ஒன்று ஈரக் கான்கிரீட்டில் அதைத் தொட்டுக் கிடந்தால், தலைமயிரின் கனமே உள்ள அந்தப் பூச்சு அதற்காகவும் கரைந்துகொண்டிருக்கும்.