மூக்கு யாருடைய சொத்து?

கோகெயினை மூக்கால் உறிஞ்சினால், உட்சவ்விலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவர் முன்பகுதியில் குருத்தெலும்பால் ஆனது. அதற்கெனத் தனி ரத்த ஓட்டம் கிடையாது, மேலே படிந்த சவ்வுதான் ஊட்டம் தருகிறது. அந்தச் சவ்வு திரும்பத் திரும்ப வறண்டால் பொருக்குத் தட்டும், ரத்தம் கசியும், நாளடைவில் சுவரிலேயே ஓட்டை விழும். மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கும். முற்றிய நிலையில் மூக்குத் தண்டு உள்வாங்கும். மேலண்ணமும் துளைபட்டு, குடித்த தண்ணீர் மூக்கு வழியே வரும். தொண்டைக்கு இறங்கும் தூள் குரலைக் கம்மச் செய்யும். இத்தனை சேதமும் வலியில் உடனே தெரிவதில்லை. கோகெயின் ஒரு மரப்பு மருந்து. 1884இல் மருத்துவர் கார்ல் கோலர் அதைக் கண் அறுவைக்குப் பயன்படுத்தியதும் அந்தக் குணத்துக்காகத்தான்.

தன் உடலைத் தானே சிதைத்துக்கொள்வது அறப்பிழையா? பிறருக்குத் தீங்கு இல்லாதவரை சமூகம் ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1859இல் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில் வாதிட்டார். மற்றொரு தத்துவ அறிஞரான காண்ட் இதற்கு நேர்மாறு: மனிதன் தன் உடலுக்கு உடைமையாளன் அல்லன், தனக்கே கடமைப்பட்டவன். மில்லின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஆனால் தன்னையே அடிமையாக விற்கும் சுதந்திரத்தை அவரும் ஏற்கவில்லை. போதைக்கு அடிமையானவர் அந்த விதிவிலக்குக்கு வெகு அருகில் நிற்கிறார்.

பௌத்தம் வேறு வழியில் செல்கிறது. அதன் ஒழுக்க நெறிகளுள் ஐந்தாம் சீலம் போதையை விலக்கச் சொல்லும் காரணம் உடற்கேடு அல்ல, கவனம் தவறுதல். மூக்கு சிதையாவிட்டாலும் அந்தத் தடை அப்படியே நிற்கும்.