கூட்டிப் போடாத கணக்கு

மெக்கானிக் அண்ணன் எழுதித் தந்த சீட்டில் எல்லாம் இருந்தது: கிளட்ச் செட், ரேடியேட்டர், சைலன்சர், முன்பக்க புஷ், துருவேறிய அடித்தகட்டுக்கு டிங்கரிங். ஒவ்வொன்றுக்கும் நேரே தொகை. கடைசியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. "பார்த்து யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

கார், 2005இல் அப்பா வாங்கிய மாருதி 800. நொடியில் மனக்கணக்குப் போடுகிறவர் ஏன் கூட்டாமல் விட்டார்? தொகை காரின் விலையையே தாண்டும் என்பதாலா? அதை என் வாயால் சொல்லட்டும் என்றா?

இந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. பதிவைப் புதுப்பிக்க ஒரு காலத்தில் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000. இன்சூரன்ஸில் ஐந்து வயதுவரைதான் தேய்மானத்துக்கு அட்டவணை. அதற்குமேல் வண்டியின் மதிப்பு பேசி முடிவு செய்வது. வயதான வண்டிக்கு விலை என்னவென்று அட்டவணைக்கும் தெரியவில்லை.

ஊரில் தாத்தாவிடம் உழவுக்கு ஆகாத ஒரு காளை நின்றது. வியாபாரி வருவார், விரல் பிடித்து விலை பேசத் துண்டை விரிப்பார். தாத்தா அந்தத் துண்டுக்கடியில் கை நீட்டியதே இல்லை. அங்கேயும் தொகை வெளியே வரவில்லை. தாத்தாவின் ஈரமனசை ஊரே பேசியது. ஆனால் அந்தக் காளைக்குத் தண்ணீர் சுமந்தவள் பாட்டி. வைக்கோல் போதாத கோடையில் அவள் முணுமுணுத்தது இப்போதுதான் எனக்குக் காதில் விழுகிறது.

கான்கார்டு விமானத்தைப் பற்றி எப்போதோ படித்தேன். பிரிட்டனும் பிரான்சும் 1962இல் ஒப்பந்தம் போட்டன. பயணிகளோடு பறந்தது 1976இல். போட்ட பணம் திரும்பாது என்று தெரிந்தும் மேலும் மேலும் கொட்டினார்கள். விமான நிறுவனங்களுக்குப் போனவை 14தான். போன பணத்தை மறந்துவிட்டு இனி வருவதை மட்டும் பார் என்பது பொருளாதாரம் அதைக் காட்டிச் சொல்லும் பாடம். பணத்துக்கு அது சரி. ஆனால் இந்தக் காரின் பின்சீட்டில் சாய்த்துத்தான் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனோம். நன்றி என்பதே போனதை மறக்காமல் இருப்பதுதானே?

ஆனால் காளைக்குப் பசி தெரியும். இரும்புக்கு என்ன தெரியும்? மேலும், வயதான என்ஜினின் புகை என் வீட்டோடு நிற்பதில்லை. தெருவில் பின்னால் சைக்கிளில் வரும் பிள்ளை அதைச் சுவாசிக்கிறது. நன்றி என்னுடையது, அதன் செலவில் ஒரு பங்கு அந்தப் பிள்ளையுடையது. அண்ணனின் சீட்டில் இதற்கு வரி இல்லை. ஒருவேளை, எதையெல்லாம் சேர்ப்பது என்று தெரியாததால்தான் அவரும் கூட்டவில்லையோ?

இப்போதைக்கு கிளட்ச்சை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். வைத்துக்கொள்வது அப்பாவுக்குச் செய்யும் மரியாதையா, அவர் இல்லாததை ஒத்துக்கொள்ளாத பிடிவாதமா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை.