தராசும் தண்ணிப்பாலும்

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் வாசல் குழாயில் கால் கழுவுவார். அன்று கழுவவில்லை. நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“தம்பி, நீ படிச்சவன். இதப் பாத்துச் சொல்லு.”

கருவி அச்சடித்த சீட்டு ஒன்றின் நகல் அது. இரண்டு எண்கள்: 28, 26. கீழே நேரம், ஒரு கையெழுத்து.

மாமா போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது அங்கேயே லோரி ஓட்டப் போனார். இன்றைக்கும் லோரிதான் சோறு. அந்தச் சனிக்கிழமை ரந்தாவில் ஒரு கல்யாண விருந்து. கூட்டாளிகளோடு பீர் குடித்திருக்கிறார். வீட்டுக்கு இருபது நிமிடம்தானே என்று காரை எடுத்திருக்கிறார். வழியில் போலீஸ் தடுப்பு. சின்னக் கருவியில் ஊதச் சொன்னார்கள். பிறகு நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய கருவியில் இரண்டு முறை ஊதச் சொன்னார்கள். இரண்டில் குறைந்ததைத்தான் நம் நாட்டுச் சட்டம் கணக்கில் எடுக்கும். ஆக 26. அதாவது 100 மில்லிலிட்டர் மூச்சில் 26 மைக்ரோகிராம் மது. சட்ட வரம்பு 22.

வக்கீல் தெம்பாகப் பேசியிருக்கிறார். கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், சான்றிதழ் எங்கே, ஊதுவதற்கு முன் எத்தனை நிமிடம் உட்காரவைத்தார்கள், இயக்கியவருக்குப் பயிற்சி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்போம், ஏதாவது ஒன்றில் ஆட்டம் காணும் என்று.

“நான் குடிச்சேன் தம்பி. இல்லேன்னு சொல்லல. ஆனா மெஷின் தப்புன்னு வாதாடலாங்கிறாரு. அது பொய் இல்லியா?”

வேறு யாராவது கேட்டிருந்தால் சட்டத்தைச் சொல்லி அனுப்பியிருப்பேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்விக்கு வேறொரு கனம் இருக்கிறது. 2016இல் பெரியம்மாவின் மகன் வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் திரும்பும்போது கார் மோதி இறந்தார். கார்க்காரர் மேல் மது வாடை அடித்ததாக அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். எடுத்த ரத்தம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கான பதிவில் குளறுபடி. குடித்திருந்தார் என்பதை நிரூபிக்க முடியவில்லை. அன்று கோர்ட் வாசலில் நின்று கத்தியவர் இதே மாமாதான். “சீல் சரியில்லேன்னா எங்க புள்ள சாகலேன்னு ஆயிடுமாடா?”

இப்போது அவர் சட்டைப் பையில் அவருடைய சீட்டு.

*

முதலில் சட்டம் நிற்கும் இடத்தைப் பார்த்துவிடுவோம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள். குடித்துவிட்டு ஓட்டியவர்களால் அடுத்தடுத்து உயிர்கள் போய், நாடே கொதித்திருந்த ஆண்டு அது. 2020 அக்டோபர் 23 முதல் மூச்சுக்கான வரம்பு 35 மைக்ரோகிராமிலிருந்து 22 ஆனது. ரத்தத்துக்கான வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆனது. குடித்து ஓட்டி ஓர் உயிரைப் பறித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை. வரம்பைத் தாண்டி ஓட்டியதாகப் பிடிபட்டாலே, முதல் தடவைக்கு 10,000 முதல் 30,000 வெள்ளிவரை அபராதம், 2 ஆண்டுவரை சிறை. லைசென்ஸும் குறைந்தது 2 ஆண்டுக்குப் போகும். லோரி ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் போவதென்றால் கையை வெட்டியது மாதிரி.

இவ்வளவும் ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. 26க்கும் 22க்கும் நடுவில் இருப்பது 4 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் துகள்களில் நான்கு.

அந்த எண்ணைக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? குடித்தது ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் நுரையீரலுக்குப் போகும்போது கொஞ்சம் மது ஆவியாகி மூச்சோடு வெளியே வருகிறது. 1954இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் போலீஸில் இருந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் இதை அளக்கத் தூக்கிச் செல்லக்கூடிய கருவி ஒன்றைச் செய்தார். அதில் ரசாயனத்தின் நிறமாற்றத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். இப்போதைய நிலையக் கருவிகள் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரை மூச்சின் ஊடே செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கின்றன.

நம் சட்டத்தின் இரண்டு வரம்புகளையும் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2,300 மில்லிலிட்டர் மூச்சில் உள்ள மது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் உள்ள மதுவுக்குச் சமம் என்று வைத்திருப்பது தெரியும். இது எல்லா உடம்புக்கும் ஒன்றல்ல. பலருக்கு இந்த விகிதம் இன்னும் கூடுதல். அவர்கள் விஷயத்தில் கருவி தயவு காட்டுகிறது. சிலருக்குக் குறைவு. காய்ச்சல் இருந்தால் மூச்சில் ஆவி கூடும். கடைசி மடக்கு வாயிலேயே தங்கியிருந்தாலும், ஏப்பம் வந்தாலும் எண் எகிறும். ஊதுவதற்கு முன் கால் மணி நேரமாவது காக்கவைத்துக் கவனிக்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது அதனால்தான். நம் சட்டம் மூச்சளவையே தனி வரம்பாக வைத்திருப்பதால் விகிதக் கணக்கை வைத்து வாதாடுவது இங்கே அதிகம் எடுபடாது. ஆனால் கருவி சரியாக இருந்ததா, ஊதவைத்த முறை சரியா என்ற கேள்விகள் எந்த ஊரிலும் செல்லும்.

அவை வெட்டிக் கேள்விகளும் அல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் போலீஸ் பயன்படுத்திய கருவிக்குள் ஓடும் நிரலையே காட்டச் சொல்லி வழக்குப் போட்டார்கள். நிபுணர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். 2008இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், கருவியை நம்பலாம், ஆனால் இன்னின்ன நிபந்தனைகளோடு என்று தீர்ப்பளித்தது. அதே கருவிகளைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த ஒரு சார்ஜெண்ட், வெப்பநிலையைச் சோதிக்கும் படியைச் செய்யாமலே செய்ததாக எழுதிவந்தார் என்று பின்னால் புகார் எழுந்தது. 2018இல் அந்த நீதிமன்றம், அவர் சரிபார்த்த கருவிகளின் முடிவுகளைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது. 20,000க்கும் மேற்பட்ட சோதனைகள் அதில் அடிபட்டன. அந்த இருபதாயிரம் பேரில் பெரும்பாலோர் உண்மையிலேயே குடித்திருக்கலாம். யார் குடிக்கவில்லை என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் கொடுமை.

*

“அப்ப மெஷினே வேணாம்னு சொல்றியா?” என்றார் மாமா.

இல்லை. மெஷினுக்கு முன்னால் இருந்தது மூக்கு. வாடை அடித்தது, கண் சிவந்திருந்தது, தள்ளாடினான் என்று அதிகாரி சொன்னால் அதுதான் சாட்சியம். மகாராஷ்டிரத்து வழக்கொன்றில் 1971இல் இந்திய உச்ச நீதிமன்றம், வாடையும் தள்ளாட்டமும் விரிந்த கண்மணியும் மட்டும் போதாது, ரத்தமோ சிறுநீரோ சோதித்திருக்க வேண்டும் என்று சொன்னது. இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். தோட்டத்துக்காரன் என்றாலே குடிகாரன் என்ற பெயர் நமக்கு முன்னால் நடந்து போகும். லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை நடக்க விட்டவர்கள் யார் என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. இப்படிப்பட்ட பெயரோடு ரோட்டில் நிறுத்தப்படுகிறவனுக்கு, ஆளைப் பார்க்காமல் மூச்சை மட்டும் பார்க்கும் கருவி ஒரு பாதுகாப்பு. மூக்குக்கு நிறமும் சாதியும் தெரியும்.

ஆனால் ஒழுங்காக வைத்திருக்கும் வரைக்கும்தான் அது பாதுகாப்பு. இதை மாமாவுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவருடைய அம்மா, என் பாட்டி, பால் வெட்டியவர். விடியுமுன் வெட்டுக்காட்டுக்குப் போய், மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குத் தூக்கி வருவார். அங்கே தராசு. அதற்குப் பிறகு மெட்ரோலாக். பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழல். எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து, பாலில் ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். கிராணி எண்ணைப் படிப்பார், எழுதுவார். பாட்டிக்கு எண் படிக்கத் தெரியாது. தராசு குறைவாகக் காட்டுகிறது என்று தெரிந்தாலும் வாய் திறக்க முடியாது. திறந்தால் மறுநாள் மேட்டுக்காட்டில், பால் வற்றிய கிழட்டு மரங்களில் வெட்டப் போடுவார்கள்.

கதையின் மறுபாதியையும் பாட்டியே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சில நாள் பாலில் தண்ணி ஊற்றுவார்களாம். எடை கூடுமே. மெட்ரோலாக்கில் மாட்டிக்கொண்டால் ஏச்சு, சம்பளத்தில் பிடிப்பு.

“பாட்டி தண்ணி ஊத்தினது தப்புதானே மாமா?”

“தப்புதான்.”

“அப்ப தராசு சரியான்னு கேக்குற உரிமை பாட்டிக்குப் போயிடுமா?”

மாமா பேசவில்லை.

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். பாலில் தண்ணி கலந்ததா என்பது ஒன்று. தராசு நேரா என்பது இன்னொன்று. தண்ணி ஊற்றியவளுக்குத் தராசைக் கேட்க வாயில்லை என்று ஆக்கிவிட்டால், ஊற்றாதவளுக்கும் அந்த வாய் இருக்காது. யார் ஊற்றினார், யார் ஊற்றவில்லை என்பதை அந்தத் தராசை வைத்துத்தானே முடிவு செய்கிறார்கள்! வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தராசை உவமை சொல்கிறார். முதலில் தன்னைச் சமமாக வைத்துக்கொண்டு பிறகு பொருளை நிறுக்கும் தராசு. அந்த வரிசை முக்கியம்.

ஆகவே, கோர்ட்டில் ‘குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை’ என்று சொல்வது பொய் என்று நான் நினைக்கவில்லை. ‘நான் குடிக்கவில்லை’ என்று அதற்கு அர்த்தமில்லை. ‘நிரூபியுங்கள்’ என்றுதான் அர்த்தம். சான்றிதழைக் காட்டு என்று கேட்பது கேள்வி. கேள்வியில் பொய் கிடையாது. இருமல் மருந்து குடித்தேன், கார் நின்ற பிறகுதான் குடித்தேன் என்று கூண்டிலேறிச் சொன்னால் அது பொய். வக்கீல் இந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறார் என்பதை மட்டும் மாமா பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

இத்தோடு முடித்திருந்தால் எனக்கும் நிம்மதி. பெரியம்மா இருக்கிறாரே. இந்த நியாயத்தை அவர் முன்னால் உட்கார்ந்து சொல்ல முடியுமா?

அன்று அந்தக் கார்க்காரருடைய வக்கீல் கேட்டதும் இதே மாதிரிக் கேள்விதான். ரத்தம் யார் கையில் இருந்தது? பதில் இல்லை. பல வருஷம் அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் திட்டிக்கொண்டிருந்தோம். இன்று யோசித்தால், கோபப்பட வேண்டியது ஒரு குப்பியை ஒழுங்காகப் பதிவு செய்யாத அலட்சியத்தின் மேல் என்று படுகிறது. கேள்வி கேட்பார்கள் என்ற பயம் அங்கே இருந்திருந்தால் குப்பியைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். யாரும் கேட்காத ஊரில்தான் சீல் தளரும். இது எனக்கு அறிவுக்குப் புரிகிறது. அண்ணனுடைய படத்துக்கு முன்னால் நிற்கும்போது புரிவதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. கோர்ட் விடுவித்தது என்பதால் ஒருவர் செய்யாதவர் ஆகிவிடுவதில்லை. நிரூபிக்கப்படாதவர், அவ்வளவுதான். எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபர் 22 இரவு மாமா இதே 26ஓடு ஓட்டியிருந்தால் வரம்பைத் தாண்டியவர் ஆகமாட்டார். விடிந்தால் குற்றவாளி. அந்த ஒரே இரவில் சாலையோ, வளைவோ, எதிரே வரும் மோட்டார்சைக்கிளோ மாறிவிடவில்லை. சட்டம் எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டும், போட்டது. 21 வந்திருந்தால் மாமா நிம்மதியாகத் தூங்கியிருப்பாரா? அந்தக் கேள்விக்குக் கருவி எதற்கு?

மாமா தாளை மறுபடி நான்காக மடித்தார். “சான்றிதழ மட்டும் கேக்கச் சொல்றேன். சரியா இருந்தா ஒத்துக்கிறேன். மருந்து கிருந்துன்னு கத கட்ட வேணாம்னு சொல்லிடுறேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அக்காகிட்ட நான் சொல்லணும்ல?” என்றார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அவர் பெரியம்மா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பெரியம்மா சான்றிதழைப் பற்றியோ வக்கீலைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“எத்தன கிளாஸ்டா குடிச்ச?”

போலீஸிடம் இரண்டு என்று சொல்லியிருந்தார். வக்கீலிடம் மூன்று. என்னிடமும் மூன்றுதான்.

“அஞ்சுக்கா,” என்றார் மாமா.